இரண்டாவது சமன்பாடு

“வாயை மூடிக்கிட்டு இரு. டிக் போட்டது மிஸ். நீயா போட்டே?” என்றேன்.

என் மகள் ரக்ஷனா கணக்குத் தாளை என் முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டு நின்றாள். உயர்நிலை இரண்டில் படிக்கிறாள். நூற்றுக்கு ஐம்பத்தொன்று. இந்த வருஷம் கணக்கில் அவள் தேறியது இதுதான் முதல் தடவை. சாயந்திரம் நான் ஃபிரிட்ஜில் காந்தம் வைத்து ஒட்டிய தாளைக் கழற்றி எடுத்து வந்திருக்கிறாள்.

“பதினோராவது கேள்வியைப் பாரும்மா.”

2x + 3y = 16
2x – y = 8

“எனக்கு எதுக்குடி இதெல்லாம்?”

“ஈசிலா. ரெண்டையும் கழிச்சா எக்ஸ் காணாமப் போயிடும், ஒய் மட்டும் இருக்கும். மூணு ஒய்லேர்ந்து மைனஸ் ஒய்யைக் கழிச்சா நாலு ஒய். நான் மைனஸைக் கவனிக்காம ரெண்டு ஒய்னு போட்டுட்டேன்.”

“அதனால?”

“எக்ஸ் ரெண்டு, ஒய் நாலுன்னு வந்துச்சு. முதல் ஈக்குவேஷன்ல போட்டா கரெக்டா பதினாறு வருது. ரெண்டாவதுல போட்டா எட்டு வரணும். சைபர் வருது. தப்பும்மா. மிஸ் கவனிக்கல.”

“எத்தனை மார்க்?”

“மூணு. வழிமுறைக்கு ஒண்ணு குடுப்பாங்க. ரெண்டு போயிடும்.”

நானும் கணக்கில் மக்குதான். ஆனால் இந்தக் கழித்தல் மட்டும் உடனே வந்தது. நாற்பத்தொன்பது. ஃபெயில்.

இதிலும் ஃபெயில் ஆனால் அடுத்த வருஷம் ஜி-3 கணக்கிலிருந்து ஒரு படி கீழே, ஜி-2 வகுப்புக்கு இறக்கிவிடுவார்கள் என்று மிஸ் தாரணி போன மாதமே சொல்லிவிட்டார். அன்றிலிருந்து எனக்குச் சரியான தூக்கம் இல்லை.

“யாரும் கேக்கல. நீயாப் போய் வம்பை விலைக்கு வாங்காதே.”

“ஆனா தப்பும்மா.”

“உன் வயசுல கான்வென்ட்ல சிஸ்டர் எனக்குத் தெரியாத்தனமாக்கூட அரை மார்க் குடுத்ததில்ல. கிடைச்சதை வச்சுக்க.”

அவள் தாளை நாலாக மடித்துப் பள்ளிப் பையில் வைத்தாள். ஃபிரிட்ஜில் காந்தம் மட்டும் இருந்தது.

மூன்றாம் நாள், தேக்கா மார்க்கெட்டில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். கைபேசி அடித்தது.

“ரக்ஷனா அம்மாங்களா? மிஸ் தாரணி பேசறேன். இன்னிக்கு மூணு மணிக்குப் பள்ளிக்கு வர முடியுமா? அந்த மேத்ஸ் பேப்பர் விஷயமா.”

“என்ன மிஸ், ஏதாச்சும்...”

“நேர்ல பேசலாமே.”

கையிலிருந்த முருங்கைக்காயைத் திரும்பக் கூடையிலேயே போட்டுவிட்டேன்.

“என்னம்மா, இவ்ளோ நேரம் பொறுக்கிட்டு?” என்றார் கடைக்காரர்.

பள்ளி இருக்கும் புக்கிட் மேரா போகும் வரை பஸ்ஸில் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தேன். கண்டுபிடித்துவிட்டார்கள். ‘அவளுக்குத் தெரியாது மிஸ். நானும் பாக்கல மிஸ்.’ மறுபடியும் முதலிலிருந்து. ‘அவளுக்குத் தெரியாது மிஸ்.’ சிஸ்டர் அறை வாசலில் நிற்கும்போதும் எனக்கு இப்படித்தான் உள்ளங்கை ஈரமாகும். முப்பத்தைந்து வயதாகியும் அந்தக் கை மாறவில்லை.

ஆசிரியர் அறையில் மிஸ் தாரணி பக்கத்தில் ரக்ஷனா நின்றுகொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

மேசைமேல் அந்தத் தாள். ஐம்பத்தொன்றை அடித்து, சிவப்பில் நாற்பத்தொன்பது.

“மிஸ், அவளுக்கு ஒண்ணும்...”

“உக்காருங்கம்மா. தப்பு என்னோடது. முப்பத்தெட்டுத் தாள் திருத்தினதுல கண் தப்பிடுச்சு. மறுநாள் காலைலயே வந்து சொல்லிட்டா. ‘மிஸ், ரெண்டாவது ஈக்குவேஷன்ல போட்டா சைபர் வருது’ன்னு.”

நான் ரக்ஷனாவைப் பார்த்தேன். அவள் மின்விசிறியைப் பார்த்தாள்.

“விடையை ரெண்டுலயும் போட்டுப் பாருங்கன்னு இருபது வருஷமா தொண்டை வத்தக் கத்தறேன். ஒரு பிள்ளை போட்டுப் பாத்துட்டு வந்து, ‘என் மார்க்கைக் குறைங்க’ன்னு கேட்டது இதுதான் முதல் தடவை.”

“அப்ப... ஜி-2தானா மிஸ்?”

“அதை நான் மாத்த முடியாதும்மா. அங்க நல்லாப் படிச்சா திரும்பி வரலாம்.”

“வருவேன்லா,” என்றாள் ரக்ஷனா, மின்விசிறியிடம்.

பஸ்ஸில் இருந்த பயம் எங்கே போனதென்று தெரியவில்லை. அந்த நாற்பத்தொன்பதை எடுத்துப் போய் ஃபிரிட்ஜில் இன்னும் உயரமாக ஒட்டவேண்டும் என்று தோன்றியது.

“ஆனா நான் கூப்பிட்டது இதுக்கு இல்ல,” என்றார் மிஸ் தாரணி. “உங்களுக்கு நன்றி சொல்லணும்.”

“எனக்கா?”

“ஃபெயில் ஆயிடுவியே, வீட்ல திட்டமாட்டாங்களான்னு கேட்டேன். ‘அம்மாதான் போய்ச் சொல்லச் சொன்னாங்க’ன்னா. அப்படி ஒரு அம்மாவை நேர்ல பாக்கணும்னு ஆசையா இருந்துச்சு.”

ரக்ஷனாவின் காது சிவந்துவிட்டது.

தலையாட்டிவிட்டு எழுந்து வந்திருக்கலாம். எனக்கும் ஒரு பெரிய டிக். யாரும் கேட்கப்போவதில்லை.

உள்ளங்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டேன்.

“இல்ல மிஸ். வாயை மூடிக்கிட்டு இருன்னுதான் நான் சொன்னேன். எனக்குப் போட்ட டிக்கையும் அவளுக்கே போட்டுடுங்க.”