பதினான்காவது பத்தி

கோரிக்கை மனுவின் பதினான்காவது பத்தியை நீதிபதி உரக்கப் படிக்கச் சொன்னபோது, கடைசி வரிசையில் இருந்த அதிரா தலையைக் குனிந்துகொண்டாள்.

காய்ச்சல் என்று விடுப்பு எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். அவள் வேலை பார்க்கும் முதியோர் காப்பகத்துக்கு இது தெரியாது. வழக்கே அந்தக் காப்பகத்தின் மேல்தான். காப்பகத்தின் வழக்கறிஞர் ஃபிக்ரிக்கும் அவளை அடையாளம் தெரியாது.

ஆனாலும் முகக்கவசத்தைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

ஃபிக்ரி படித்தார். சம்பவ நாளன்று பிற்பகல், காப்பகத்தில் இருந்த வாதியின் தாயார் மூச்சுத் திணறி, கட்டிலருகே இருந்த மணியை மூன்று முறை அடித்தார். இருபது நிமிடம் யாரும் வரவில்லை.

படித்துவிட்டு நிமிர்ந்து வாதிட்டார். வாதி புஷ்பவள்ளி அந்த நேரத்தில் தொழிற்சாலையில் வேலையில் இருந்தவர். அவருக்கு இது எப்படித் தெரியும்? யாரோ சொன்னார்களாம். அந்த யாரோவும் நேரில் பார்க்கவில்லையாம், கேள்விப்பட்டாராம். அன்றைய பணிப்பட்டியலில் இருந்த பணியாளர் சந்திரிகாவோ வேலையை விட்டுச் சிங்கப்பூர் போய்விட்டார். இது செவிவழிச் செய்திகூட இல்லை, அதற்கும் ஒரு படி கீழே. ஆகவே இந்தப் பத்தியை நீக்க வேண்டும்.

அதிரா கைப்பையின் ஜிப்பைத் திறந்தாள். மூடினாள். மறுபடியும் திறந்தாள்.

அந்த யாரோ அவள்தான்.

தாயாரின் கருமாதி அன்று சுங்கை பினாங் பகுதி அடுக்குமாடிக் குடியிருப்பில், லிஃப்டுக்குப் பக்கத்தில் புஷ்பவள்ளியை நிறுத்திச் சொன்னாள். "மணி அடிச்சாங்களாம்க்கா, மூணு தடவ. யாரும் போகலையாம். நான் கேள்விப்பட்டேன், அவ்வளவுதான். என் பேர மட்டும் சொல்லிடாதீங்க."

செத்துப்போன அம்மாவின் மேல் சத்தியம் செய்தாள் புஷ்பவள்ளி.

இப்போது நீதிபதி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். சொன்னவரின் பெயரை வாதி தரப்பு தர முடியுமா?

புஷ்பவள்ளியின் வழக்கறிஞர் தயாளன் அவள் பக்கம் குனிந்தார். உள்ளே வரும்போதே அதிராவைப் பார்த்துவிட்டவள் புஷ்பவள்ளி. இருந்தும் கழுத்தைத் திருப்பவில்லை. முடியாது என்று தலையை மட்டும் அசைத்தாள்.

அதிரா கைப்பையை மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

தயாளன் எழுந்தார். வழக்கு இப்போதுதான் தொடங்கியிருக்கிறது என்றார். என்ன நடந்தது என்பதைத்தான் கோரிக்கை மனுவில் சொல்ல வேண்டும், அதற்கு யார் சாட்சி என்பது விசாரணையில் வரும் என்றார்.

நீதிபதி எதையோ நீளமாக எழுதினார்.

பத்தி இருக்கட்டும் என்றார் கடைசியில். ஃபிக்ரியின் மனு தள்ளுபடி. ஆனால் விசாரணையன்று கேள்விப்பட்டவர் வந்து பயனில்லை. அந்த நேரத்தில் அங்கே இருந்த ஒருவர் கூண்டில் ஏற வேண்டும். அப்படி யாரும் வராவிட்டால் பதினான்காவது பத்தி வெறும் காகிதம்.

வெளியே வெயில் கொளுத்தியது. அதிரா ஓட்டமும் நடையுமாகப் படியிறங்கினாள். கீழே புஷ்பவள்ளி காத்துக்கொண்டு நின்றாள்.

"பயந்துட்டியா தங்கச்சி? உன் பேரு வராதுலா." அதிராவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "எங்கம்மாவப் பெத்த தாய் மாதிரி நெனச்சு நீ ஒருத்திதான் வந்து சொன்ன. இனிமே யாரையாச்சும் தேடணும். சந்திரிகா கால்ல விழுந்தாவது கூட்டிட்டு வரணும்."

அதிரா முகக்கவசத்தைக் கழற்றினாள்.

"சந்திரிகாவுக்கு ஒண்ணும் தெரியாதுக்கா. அன்னைக்கு அவ வரவே இல்ல. அவளுக்குப் பதிலா நான்தான் டூட்டி, பட்டியல்ல பேர மாத்தல."

புஷ்பவள்ளி புரியாமல் பார்த்தாள்.

"நான் கேள்விப்படல. மூணு தடவையும் எனக்குக் கேட்டுச்சு. பின்வாசல்ல நின்னு போன் பேசிக்கிட்டு இருந்தேன். சும்மா கூப்பிடுறாங்கன்னு நெனச்சுட்டேன்."

பிடித்திருந்த கை மெல்ல விலகியது.

தயாளன் கோப்புகளை அக்குளில் இடுக்கிக்கொண்டு கார் நிறுத்துமிடத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். புஷ்பவள்ளி அவரைப் பார்த்தபடி நின்றாள்.

"சார், ஒரு நிமிஷம்!" என்று கத்தியது அதிராதான்.