பின்னால் வர்றவங்களுக்கு

"மட்கார்டை அறுத்துத் தூக்கிடுங்கண்ணே. பின்னாடி ஒண்ணும் தொங்கக் கூடாது."

கறுப்பு ஸ்போர்ட்ஸ் பைக். கறுப்பு ஜாக்கெட். கறுப்பு ஹெல்மெட், அதையும் கழற்றவில்லை.

கவுண்டரில் இருந்த மெக்கானிக்கின் மனைவி அவனை மேலும் கீழும் பார்த்தாள். மனசுக்குள் 'வௌவால்' என்று பேரும் வைத்துவிட்டாள்.

போன மாதம் அவள் சங்கிலியை அறுத்துக்கொண்டு போனவனும் இப்படி ஒரு பைக்கில்தான் வந்தான். பின்னால் மட்கார்டு இல்லை. நம்பர் பிளேட் உள்ளே மடங்கியிருந்தது. ஒரு எழுத்தைக்கூடப் படிக்க முடியவில்லை. கழுத்துக் கீறல் இன்னும் எரிகிறது.

"நம்பர் பிளேட்டை எங்க தம்பி வைக்கிறது?" என்றாள், வேண்டுமென்றே.

"எங்கயாவது வைங்கக்கா. இண்டிகேட்டர்தான் முக்கியம். கீழ மட்கார்டுல இருக்கறதைக் கழட்டி, மேல சீட்டுப் பக்கத்துல மாட்டணும். பின்னால வர்றவங்களுக்குப் பளிச்சுனு தெரியணும்."

மெக்கானிக் ஸ்பேனரைக் கீழே வைத்தார். "இங்க வர்ற பசங்கல்லாம் இண்டிகேட்டர் இருக்கறதே தெரியக் கூடாதும்பாங்க. நீ என்னப்பா தலைகீழா கேக்கறே?"

வௌவால் சிரித்தான்.

மட்கார்டு கழன்றது. நம்பர் பிளேட்டை மெக்கானிக் நன்றாகத் தெரிகிற மாதிரிதான் வைத்தார். பக்கத்தில் மனைவி நின்றால் வேறு எப்படி வைப்பார்?

புது எல்.இ.டி. இண்டிகேட்டர் இரண்டையும் மாட்டி, சுவிட்சைப் போட்டார். படபடவென்று அடித்தது.

"இவ்வளவு வேகம் வேணாம்ணே. பாக்கறவங்க பதறிடுவாங்க."

"சின்ன லைட்டு, அதான் ஓடுது. ஃப்ளாஷரை மாத்தினா நிதானமாயிடும்."

மாற்றினார். விளக்கு நிதானமாக விட்டு விட்டு எரிந்தது.

வௌவால் தெருமுனை வரை நடந்து போனான். அங்கே நாற்காலியில் உட்கார்கிற மாதிரி முழங்காலை மடக்கி, கண்ணைச் சுருக்கிப் பார்த்தான்.

"இன்னும் கொஞ்சம் வெளிய தள்ளுங்கண்ணே. வெயில்ல தெரியணும்."

தள்ளினார். ஒரு போட்டோ எடுத்து யாருக்கோ அனுப்பினான். வந்ததிலிருந்து ஃபோனில் தட்டிக்கொண்டேதான் இருந்தான்.

"இண்டிகேட்டர் போட்டா கீ கீன்னு கத்தற பஸ்ஸர் ஒண்ணு இருக்கு. சேத்து மாட்டிடவா?"

"சத்தமா? வேணாம்ணே. வேஸ்ட்டு."

அவ்வளவுதான். மனைவி புருஷனின் முழங்கையைப் பிடித்து டயர் அடுக்குக்குப் பின்னால் இழுத்தாள்.

"கேட்டீங்களா? சத்தம் வேணாமாம்! திருட்டுப் பயலுக்குத்தான் சத்தம் ஆகாது. ஃபோன்ல வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசறானா பாருங்க. கூட்டாளிக்கு சிக்னல் குடுக்கத்தான் இந்த லைட்டு."

"சங்கிலி போனதுலேர்ந்து ஹெல்மெட் போட்டவனெல்லாம் உனக்குத் திருடன்."

"ஆமா, நீங்க பாலிஷும் போட்டு அனுப்புங்க. நாளைக்குப் போலீஸ் வந்து, யாரு இதை மாட்டினதுன்னு கடைக்குப் பூட்டுப் போடட்டும்."

வௌவால் கிளம்பினான். அவளும் ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள்.

"ஏய், எங்க போற? அந்த வண்டியில இண்டிகேட்டர் ரெண்டுமே எரியல. மாத்தித் தரேன், இரு!"

"ஹாரன் இருக்குல்ல, போதும்!"

தெருமுனையில் ஒரு பெண் ஸ்கூட்டரோடு காத்திருந்தாள். வௌவால் நிற்கவில்லை. ஒரு கையை மட்டும் தூக்கினான். அவள் அவன் பின்னாலேயே வண்டியை விட்டாள்.

கூட்டாளி!

அவ்வளவு பெரிய பைக்கை வைத்துக்கொண்டு ஊர்வலம் போகிற மாதிரி உருட்டினான். திருப்பம் எங்கேயோ இருக்கும்போதே இண்டிகேட்டர் எரிந்தது. உடனே அந்தப் பெண்ணின் இண்டிகேட்டரும் எரிந்தது. அவன் திரும்பினால் அவள் திரும்பினாள். அவன் நின்றால் நின்றாள்.

வீடு நோட்டம் பார்க்கிறார்கள். வேறென்ன?

மெக்கானிக்கின் மனைவி அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துவிட வேண்டுமென்று ஹாரன் அடித்தாள். அந்தப் பெண் விலகவில்லை. இவள் ஹாரனில் வைத்த விரலை எடுக்காமல் அடித்தாள். தெருவே திரும்பிப் பார்த்தது. அந்தப் பெண் திரும்பவில்லை.

என்ன திமிர்!

சிவப்பு விளக்கில் அந்தப் பெண்ணின் பக்கத்தில் போய் நின்றாள்.

"ஏய், உன்னைத்தான்! காது என்ன செவிடா?"

அந்தப் பெண் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். இவளுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ, தோளைப் பிடித்து உலுக்கிவிட்டாள். அந்தப் பெண் திடுக்கிட்டுத் துள்ளினாள். ஸ்கூட்டர் ஆடியது.

காலை ஊன்றிச் சமாளித்துக்கொண்டு, இவள் முகத்தைப் பார்த்தாள். விரலால் தன் காதைத் தொட்டுக் காட்டினாள். பிறகு இல்லை என்று கையை ஆட்டினாள். தப்பு தன்னுடையது என்பது போலச் சிரித்தாள்.

வௌவால் பைக்கை ஓரம் போட்டுவிட்டு ஓடி வந்தான். அப்போதுதான் ஹெல்மெட்டைக் கழற்றினான்.

"அக்கா, நீங்களா? என் தங்கச்சிக்கா. பொறந்ததுலேர்ந்தே கேக்காது. இப்பதான் வேலை கெடைச்சிருக்கு. ரோடு பழகற வரைக்கும் நான் முன்னால போறேன். என் இண்டிகேட்டரைப் பாத்துத்தான் திரும்புவா. என்னக்கா, எதுலயாவது இடிச்சிட்டாளா?"

"இல்லப்பா" என்றாள்.

பச்சை விழுந்தது. இருவரும் போனார்கள். முன்னால் போன பைக்கில் இடது விளக்கு நிதானமாக எரிந்து எரிந்து அணைந்தது.

கடைக்குத் திரும்பியவளைப் பார்த்து மெக்கானிக் கேட்டார்: "என்ன, புடிச்சியா திருடனை?"

அவள் சாவியை அவர் கையில் வைத்தாள். "மொதல்ல இந்த வண்டிக்கு இண்டிகேட்டர் மாட்டுங்க."

"ஹாரன் இருக்கு, போதும்னியே?"

"யாருக்குப் போதும்?"