பீங்கான் பாலாடை

"சத்தமா சொல்லுங்க மாமி, பதிவாவுது." மஹிரா செல்போனைப் பீங்கான் பாலாடைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

மகன் பைரோஸ் பிறந்தபோது விருத்தாசலத்தில் வாங்கியது என்று அத்தாவின் தங்கையான மாமி ஜெரினா அதைக் கொண்டுவந்திருந்தாள். குழந்தைக்குப் பால் புகட்டும் அதன் மூக்கு நுனியில் பளபளப்பு தேய்ந்திருந்தது. "என்னையும் பேட்டி எடு" என்று அவளே கேட்டு, மங்கலம்பேட்டையிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தாள்.

அறிவியல் இதழுக்குத் தாய்ப்பால் பற்றிய கட்டுரை. அநேகமாக மஹிராவின் கடைசிக் கட்டுரை. வெள்ளிக்கிழமை பைரோஸோடு நிக்காஹ், பிறகு துபாய்.

அத்தா அமானுல்லா அழைப்பிதழ்களில் பெயர் எழுதிக்கொண்டிருந்தார். "போன வாரம் பீங்கான் கம்பெனி தூசி, இந்த வாரம் தாய்ப்பாலு. ஒண்ணுலயும் நிக்கமாட்டா. துபாய் வூட்டுலயாவது நிக்கட்டும்."

இந்த நிக்காஹ் வேண்டாமென்று அத்தாவிடம் சொல்லிப் பார்த்தாயிற்று. மாமியிடம் அழுதும் பார்த்தாயிற்று. அண்ணன் கிழித்த கோட்டை மாமி ஒருநாளும் தாண்டியதில்லை.

"பைரோஸுக்கு எவ்ளோ நாள் பால் குடுத்தீங்க மாமி?"

"ரெண்டு வருஷம். அவனுக்கு மட்டுமா? நீ பொறந்தப்ப உங்கம்மா காய்ச்சல்ல கெடந்தா. நாப்பது நாளு ஒனக்கும் நாந்தான் குடுத்தேன்."

அத்தாவின் பேனா நின்றது. "என்ன சொன்ன?"

"நீங்க அப்ப சவூதில இருந்தீங்கண்ணே."

"கிறுக்கச்சி. ஒரே தாய்ப்பால குடிச்சா நம்ம மார்க்கத்துல அண்ணன் தங்கச்சி ஆயிடுவாங்களே. நிக்காஹ் எப்படிக் கூடும்? இத்தினி நாளு வாயில கொழுக்கட்டையா வச்சிருந்த?"

"எனக்கு எங்கண்ணே ஞாவகம்? இவ கேக்கப்போயி வந்துச்சு."

கேட்டு உறுதிப்படுத்த மஹிராவின் அம்மா உயிரோடு இல்லை. எழுதிவைத்த அழைப்பிதழ்களை அத்தா பார்த்தார். தொப்பியை எடுத்துக்கொண்டு, நிக்காஹை நிறுத்தச் சொல்லப் பள்ளிவாசலுக்கு நடந்தார்.

மஹிராவுக்கு மூச்சு இப்போதுதான் முழுதாக வந்தது. ஆனாலும் பழக்கம் விடவில்லை.

"மாமி, நீங்க சொன்னத அப்படியே கட்டுரையில போட்டுக்கவா?"

ஜெரினா எட்டிப் பார்த்தாள். அண்ணன் தெருமுனை திரும்பி மறைந்திருந்தார். பாலாடையை முந்தானையில் சுற்றிக்கொண்டாள்.

"மொதல்ல போன நிறுத்து."

நிறுத்தினாள்.

"எனக்கு ஏதுடி பாலு? பைரோஸே இதுலதான் வளந்தான்."