ஓர வரிசைத் தக்காளி

“செடிக்குத் தண்ணி ஊத்தினது ஒரு குத்தமா?” “எந்தத் தண்ணிய ஊத்தினீங்க, அதச் சொல்லுங்க!” “குடிக்கிற தண்ணிதான், விஷமா ஊத்தினேன்?” பசுமைக்குடிலுக்குள் தாவர ஆராய்ச்சியாளரும் அவள் கணவரும் ஒருவர் பேச்சில் ஒருவர் குறுக்கே விழுகிறார்கள். உப்புநீரிலேயே காய்க்கும் தக்காளியை அவள் உருவாக்கிவிட்டதாக இன்று காலைதான் படத்தோடு செய்தி வந்திருக்கிறது. பக்கத்து அரங்கில் நாற்காலிகளை இழுத்துப் போடும் சத்தம் கேட்கிறது. சற்று நேரத்தில் அவள் மேடையேற வேண்டும். கணவரோ மதியச் சாப்பாடு கொண்டுவரும்போதெல்லாம், புது ரகம் நிற்கும் ஓர வரிசைக்குத் தன் பாட்டில் தண்ணீரைப் பங்குபோட்டு ஊற்றியிருக்கிறார். “உன் செடியாச்சே, வாடினா மனசு கேக்குமா? வீட்டுல நீ வாடிக் கிடக்கிறது போதாதா?” “தலை காட்ட முடியாமப் பண்ணிட்டீங்களே!” என்கிறாள். குரல்தான் உயர்கிறது, கண் அவர் முகத்துக்குப் போகவில்லை. கூரையிலிருந்து இறங்கும் வெயிலில் பழங்கள் செக்கச் சிவப்பாய்த் தொங்க, அவளுக்குக் காதுமடல்வரை சுடுகிறது. கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையை விரல்கள் திருப்பித் திருப்பி முறுக்குகின்றன. அவர் குனிந்து தொட்டிகளின் விளிம்பைத் தடவிப் பார்க்கிறார். நிமிரும்போது குரல் இறங்கிவிட்டிருக்கிறது. “ஏம்மா, உப்புத்தண்ணி ஊத்தின மத்த தொட்டியெல்லாம் வெள்ளை வெளேர்னு உப்புப் பூத்துக் கிடக்கு, இந்த வரிசையில மட்டும் ஒரு பொட்டு உப்பக் காணோம். தினமும் பார்க்கிற உன் கண்ணுக்கா இது தெரியாமப் போச்சு?”