தட்டிப் பார்த்த படகு

ராபர்ட்சன்பேட்டை லாரி ஷெட் வாசலில் உச்சி வெயில். கயிறு பிடித்து நீரில் சறுக்குபவர்களை இழுத்துப் போகும் பழைய படகுகள் இரண்டு டிரெய்லர்மேல் நிற்கின்றன. சிவப்புப் படகு பளபளக்கிறது. வெள்ளைப் படகு வெளிறி, சீட் கிழிந்து கிடக்கிறது. தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்ந்து, இன்று படகு வாங்க வந்திருக்கும் ஆஸ்டின் கண்களை மூடிக்கொண்டு, சிவப்பின் அடிவயிற்றை ஸ்பேனரால் தட்டிக்கொண்டே போகிறார். டங், டங். பின்பக்கம் வந்ததும் தொப்பென்கிறது. “அங்கிள், பெயின்ட் போயிடும்” என்று பதறுகிறான் பெங்களூரிலிருந்து வந்த தரகன் விநாயக். “சுரங்கத்துல கீழ லெவல்ல மேல்பாறைய இப்டி தட்டிப் பாத்துட்டுத்தான் அடியில நிப்போம். இது உள்ள தண்ணி ஊறிப்போச்சு.” வெள்ளையைத் தட்டுகிறார். முனையிலிருந்து முனைவரை டங். “இதான் வேணும்.”

விநாயக் சிரிக்கிறான். “உங்க ஊர்ல குடிக்கவே லாரித் தண்ணி. இத எங்க ஓட்டுவீங்க?” “பேத்தமங்களா ஏரி ரொம்பிக் கெடக்குது.” “சரி, சறுக்கப் போறது யாரு? பேரப்புள்ளைங்களா?” டிரெய்லர் அருகே நிற்கும் ஆஸ்டினின் மனைவி மரியா செருப்பைக் கழற்றுகிறாள். முந்தானையை இடுப்பில் இறுகச் செருகுகிறாள். வெள்ளைப் படகிலிருந்து தொங்கும் கயிற்றின் கைப்பிடியை இரண்டு கைகளாலும் பற்றி, குதிகால்களைச் சுடுபுழுதியில் ஊன்றிப் பின்னால் சாய்கிறாள். கயிறு விறைத்து நிற்கிறது. “இன்னா பாக்கிற? நான்தான்.”