மல்ஹோத்ராவுக்கு ஒரு பர்கர்

"அம்மா, உனக்கு நிஜமாவே இதெல்லாம் பண்ண வருமா? இல்லேன்னா இப்பவே சொல்லிடு, ஹோட்டல்லேர்ந்து வரவழைச்சுடலாம்."

"நீ சமையலறைக்குள்ள வராம இருந்தாலே போதும். எல்லாம் வரும்," என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள் சுந்தரவல்லி.

ஷ்ருதியால் நம்பவே முடியவில்லை. அந்த டெல்லி ஜனக்புரி வீட்டுக்குள் அவளுக்கு நினைவு தெரிந்து பூண்டுகூட நுழைந்ததில்லை. பக்கத்து வீட்டில் ஆம்லெட் போட்டால் நம் வீட்டு ஜன்னலைச் சாத்துகிற அம்மா, இன்று கேஜன் சிக்கன் பர்கர் செய்யக் கிளம்பியிருக்கிறாள். அதுவும் மல்ஹோத்ராவுக்கு!

மல்ஹோத்ரா, தீரஜின் அப்பா. தீரஜும் ஷ்ருதியும் கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்படுகிறார்கள். மல்ஹோத்ராதான் பிடி கொடுக்கவில்லை. "நாம கறி சாப்பிடறவங்க. அவங்க நம்மளை வாசல்லயே நிக்க வெப்பாங்க. மதிக்காத இடத்துல சம்பந்தம் எதுக்கு?" என்று மகனிடம் கறாராகச் சொல்லியிருந்தார். தீரஜ் கெஞ்சிக் கூத்தாடியதில், சுதந்திர தின விடுமுறையன்று ஒரு வேளை சாப்பிட்டுப் பார்த்து முடிவு சொல்வதாக இறங்கி வந்தார். அன்று தீரஜுக்கு ஏர்போர்ட்டில் டியூட்டி. தனியாகத்தான் வருகிறார்.

அமெரிக்காவில் மகள் வீட்டுக்குப் போனபோது சாப்பிட்ட காரமான கேஜன் சிக்கன் பர்கரைப் பற்றி அவர் பேசாத நாளில்லையாம். தீரஜ் சொல்லி ஷ்ருதி இதைச் சொன்னதும், "அதையே பண்ணிட்டாப் போச்சு," என்றாள் அம்மா, ஏதோ ரசம் வைப்பதுபோல.

"அப்பா, கோழியை நீங்கதான் வாங்கிண்டு வந்தேளா?"

"என்னை ஒண்ணும் கேக்காதே. பையைக் கொடுத்தா, போனேன். வாங்கினேன், வந்தேன்," என்று பேப்பருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார் கோபாலன்.

சமையலறையிலிருந்து பூண்டும் மிளகும் மிளகாயும் கலந்து ஒரு நெடி கிளம்பியது. வீடே தும்மியது. ஷ்ருதி மெல்லக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். சிவக்கச் சிவக்க மசாலா பூசிய நார் நாரான உருண்டைகளை உள்ளங்கையில் வைத்துத் தட்டி, ரஸ்க் தூளில் புரட்டி, எண்ணெயில் போட்டுக்கொண்டிருந்தாள் அம்மா. முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. வடை தட்டுகிற அதே நிதானம்.

எத்தனை பெரிய மனசு! எனக்காகவா இவ்வளவும்? ஷ்ருதிக்குக் கண்ணில் நீர் முட்டியது. மிளகாய் நெடி என்று அவளே சொல்லிக்கொண்டாள்.

மல்ஹோத்ரா வந்தார். மொட்டை மாடிகளில் பட்டம் விடும் பிள்ளைகளின் கூச்சல் உள்ளே கேட்டது. அதைப் பற்றி இந்தியில் நாலு வார்த்தை பேசிவிட்டு, விறைப்பாகவே சாப்பிட உட்கார்ந்தார். பர்கரை இரண்டு கைகளாலும் பிடித்து ஒரு கடி கடித்தார். மென்றார். அப்படியே நிறுத்தினார்.

ஷ்ருதி தண்ணீர் டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"வாஹ்! பஹன்ஜி, அமெரிக்கால கூட இப்படிச் சாப்பிட்டதில்லை!"

"காரம் சரியா இருக்கா, பாய் சாஹப்?" என்று சுந்தரவல்லி தனக்குத் தெரிந்த இந்தியில் கேட்டாள்.

"ஃபர்ஸ்ட் கிளாஸ்!" மூக்கில் நீர் வடிய வடிய இரண்டாவது பர்கரையும் எடுத்துக்கொண்டார். "சுத்த சைவம் நீங்க. எனக்காகச் சிக்கனைக் கையால தொட்டிருக்கீங்க. இதுக்கு மேல என்ன மரியாதை வேணும்? என் வீட்டு மருமகள் ஷ்ருதிதான். முடிஞ்சது பேச்சு."

சுந்தரவல்லி சிரித்தாள். "சாப்பிடுங்கோ, ஆறிடப் போறது."

அப்போதுதான் அவர் போன் அடித்தது. மனைவி. இரண்டு நிமிடம் கேட்டார். முகம் வெளுத்துவிட்டது. பர்கரைத் தட்டில் வைத்தார்.

"சாயங்காலம் ஹனுமான் கோவிலுக்குப் பூ வாங்கிட்டு வரச் சொல்றா. இன்னிக்கு மங்கள்வார்! லீவு நாள்ல கிழமையே மறந்துபோச்சு." அவர் குரல் உடைந்தது. "தீரஜ் பிறந்தப்போ பிழைக்க மாட்டான்னுட்டாங்க. செவ்வாய்க்கிழமை கறி தொடறதில்லைன்னு அன்னிக்கு வேண்டிக்கிட்டேன். ஒரு வாரம்கூடத் தவறினதில்லை, பஹன்ஜி. இந்த வீட்டுல வந்து..."

நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார். எல்லாம் போச்சு என்று ஷ்ருதிக்குத் தோன்றியது. இனி அவளைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்கு இந்தச் செவ்வாய்க்கிழமைதானே ஞாபகம் வரும்?

சுந்தரவல்லி பதறவில்லை. உள்ளே போய் ஒரு தட்டைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். அதில் முள்முள்ளாகப் பச்சைத் தோல் சீவல்கள்.

"கட்ஹல், பாய் சாஹப். நீங்க சாப்பிட்டது பலாக்காய். டெல்லியில இத்தனை வருஷம் குப்பை கொட்டியிருக்கேன், மங்கள்வார் தெரியாதா எனக்கு? நீங்க கிழமையை மறந்துட்டேள்னு புரிஞ்சுது. சாப்பிடறப்போ சொல்லிச் சங்கடப்படுத்த வேண்டாம்னு இருந்தேன்."

மல்ஹோத்ரா ஒரு சீவலை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இரண்டு கைகளையும் தலைக்கு மேல் குவித்தார். பிறகு உட்கார்ந்து, சின்னப் பிள்ளைபோல விட்ட இடத்திலிருந்து சாப்பிட ஆரம்பித்தார்.

போன உயிர் திரும்பிய ஷ்ருதி அம்மாவைக் கட்டிக்கொண்டாள். "அதானே பார்த்தேன்! நீயாவது, கோழியைத் தொடறதாவது!"

"ஏண்டி, தொட்டா என்ன?" என்ற சுந்தரவல்லி மல்ஹோத்ராவிடம் திரும்பினாள். "நாளைக்கு புதன்கிழமை. எல்லாருமா வாங்கோ."

சொல்லிக்கொண்டே தயிர் எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்தாள். பால் பாத்திரத்துக்கும் தோசை மாவுக்கும் நடுவில், மசாலாவில் ஊறிக்கொண்டிருந்தது நிஜக் கோழி.