சிங்கத்துக்கு ஒரு பாலிசி

"ரிவர்ஸ் எடுக்கும்போது பாட்டு வருமா சார்?"

பேக்கரி மாஸ்டர் நாற்காலியின் நுனிக்கே வந்துவிட்டார். இதற்கு முன் ஏறி இறங்கிய இரண்டு இன்ஷூரன்ஸ் அலுவலகங்களில் ஒருவர்கூட இதைக் கேட்கவில்லை.

"வரும் மேடம். பாட்டு முடிஞ்சதும் ஒரு பொண்ணு கலகலன்னு சிரிக்கும். தேடிப் பிடிச்சு நானே போட்டது."

"சிரிக்கும்" என்று முணுமுணுத்தபடி குறித்துக்கொண்டாள் அதிகாரி. தூக்கம் போதாத கண்கள். ஆனால் பேனா மட்டும் படுசுறுசுறுப்பாக ஓடியது.

மாஸ்டரின் காருக்குப் பெயர் சிங்கம். வாங்கும்போது அது மற்ற கார்களைப் போல வாயில்லாப் பூச்சியாகத்தான் இருந்தது. மூன்றே வருடத்தில் மாஸ்டர் அதற்கு உறுமும் சைலன்சர், அடியில் கலர் விளக்கு, முதுகில் றெக்கை, டிக்கி நிறையப் பாட்டுப் பெட்டி என்று ஒவ்வொன்றாகப் பூட்டி ஆளையே மாற்றிவிட்டார்.

வினை மனைவி வாயில் வந்தது.

"உங்க பாலிசி சாதா காருக்குப் போட்டது. இது காரா? நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா கையை விரிச்சிடுவாங்க. எல்லாத்தையும் மறைக்காம சொல்லி, நல்ல கம்பெனியா பாத்துப் போடுங்க. அதுவரைக்கும் நான் இதுல ஏறமாட்டேன்."

சொன்னபடியே பஸ்ஸில் போக ஆரம்பித்துவிட்டாள். பக்கத்து சீட் காலியாக இருக்க, எவ்வளவு உறுமினாலும் மாஸ்டருக்கு ருசிக்கவில்லை.

முதல் கம்பெனிக்காரர் போட்டோவைப் பார்த்துவிட்டு, "இதை கார்னு எழுத எனக்குக் கை வரல சார்" என்று திருப்பிக் கொடுத்தார். இரண்டாவது கம்பெனிக்காரர் கண்ணடித்தார். "சாதா கார்னே போட்டுடலாம் சார். யாரு வந்து பாக்கப் போறாங்க?"

"இடிச்சா முதல்ல வந்து பாக்கப் போறதே அவங்கதான்" என்றாள் மனைவி. அதுவும் போச்சு.

அடுத்த நாள் விடிகாலை, சிங்கத்தின் வைப்பரில் இந்தக் கம்பெனியின் விசிட்டிங் கார்டு செருகியிருந்தது. தெய்வமே கொண்டுவந்து வைத்தது போல.

"சைலன்சர் சத்தம் எப்படி சார்?"

"ரெண்டு தெரு தாண்டிக் கேக்கும் மேடம். அதைக் கேட்டுட்டுத்தான் என் வீட்டுக்காரி அடுப்புல டீயை வைப்பா."

"மூணுன்னு எழுதிக்கிறேன். கொஞ்சம் கூடவே இருக்கட்டும். காலையில வண்டி எடுக்கும்போது நேரா கிளம்பிடுவீங்களா? இல்ல, நிக்க வெச்சே கொஞ்ச நேரம் உறும விடுவீங்களா?"

மாஸ்டருக்குப் புல்லரித்தது. "உறும விட்டாத்தான் மேடம் அதுக்குத் திருப்தி. விடியறதுக்குள்ள போய் பன்னுக்கு மாவு பிசையணும், இருந்தாலும் அதை மட்டும் விடமாட்டேன். நீங்களும் கார் பைத்தியமா மேடம்?"

"பைத்தியம்தான் சார். இப்ப சமீபத்துலதான் பிடிச்சது."

பேனாவை மூடிவிட்டு அவள் தீர்ப்புச் சொன்னாள். "கம்பெனி சைலன்சரையே திரும்பப் போட்டுடணும். பாட்டும் சிரிப்பும் கூடாது. டிக்கியில இருக்கற பெட்டியை இறக்கிடணும்."

மாஸ்டர் மெல்ல இழுத்தார். "றெக்கை மேடம்?"

"இருக்கட்டும்."

"கலர் லைட்டு? சீட்டுக்குப் புலித்தோல் உறை போட்டிருக்கேன்..."

"தாராளமா இருக்கட்டும் சார். எங்களுக்கு அதுல ஒரு ஆட்சேபணையும் இல்ல. இன்னும் ரெண்டு றெக்கைகூட வெச்சுக்குங்க."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் ஒன்றுவிடாமல் சொன்னார் மாஸ்டர். "கம்பெனின்னா அது கம்பெனி. நம்ம வண்டியைக் கூடப் பொறந்தவங்க மாதிரி தெரிஞ்சு வெச்சிருக்காங்க. இவங்ககிட்டதான் போடறோம்."

மெக்கானிக் துக்க வீட்டுக்கு வந்தவன் போல நின்றுகொண்டு சைலன்சரைக் கழற்றினான். பாட்டுப் பெட்டி இறங்கும்போது மாஸ்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு வண்டியை அலுவலகத்துக்கு ஓட்டிப் போனார். அதிகாரி வெளியே வந்து, வண்டியை ஸ்டார்ட் செய்யச் சொல்லி, கண்ணை மூடிக் கேட்டாள். அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

"இன்னிக்கே போட்டுடலாம் சார். எனக்கு நாளையிலேருந்து ரெண்டு நாள் லீவு."

மறுநாள் மதியம் வேலை முடிந்ததும், கம்பெனியில் அச்சாகி வந்த பாலிசியை வாங்கிக்கொண்டு மாஸ்டர் பறந்து வந்தார். மனைவியை ஏற்றிக்கொண்டு ஊரைச் சுற்றிவர வேண்டும். சிங்கம் பூனை மாதிரி தெருவுக்குள் நுழைந்தது. வாசலில் நின்றது. வந்தது மனைவிக்கே தெரியவில்லை. உள்ளே அவள் ஏதோ பாட்டை முணுமுணுப்பது தெருவரைக்கும் கேட்டது. அவள் பாடுவாள் என்பதே மாஸ்டருக்கு அன்றுதான் தெரியும்.

மனம் துள்ள இறங்கி, கார்க் கதவை ஓங்கிச் சாத்தப் போனார்.

"சார்..."

எதிர் வீட்டு மாடியிலிருந்து கிசுகிசுப்பாக ஒரு குரல். இரண்டு மாதத்துக்கு முன் அங்கே யாரோ புதிதாகக் குடிவந்ததாக மனைவி சொன்னது ஞாபகம். மாஸ்டர் இதுவரை நிமிர்ந்து பார்த்ததில்லை. இப்போது பார்த்தார்.

வலத் தோளில் ஒரு குழந்தை, இடத் தோளில் இன்னொன்று, நடுவில் இன்ஷூரன்ஸ் அதிகாரி.

"இப்பத்தான் சார் ரெண்டும் தூங்குச்சு. கதவை மெதுவா சாத்துங்க, அதுவும் பாலிசியில இருக்கு."